இராமநாதபுரம் கடற்கரையில் எழுத்து முகாம் நடத்துவது எப்படி? அழைப்பு விடுப்பது முதல் கணக்கு முடிப்பது வரை

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் மூன்று அல்லது நான்கு நாள் எழுத்து முகாம் நடத்த நினைக்கும் சிறு குழுக்களுக்காகவும் இலக்கிய அமைப்புகளுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கடலும் காற்றும் பனங்காடும் எழுதத் தூண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வந்தவர் எழுதுவாரா மாட்டாரா என்பதைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் வேறு கேள்விகள்: குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவு 11 மணிக்கு நெஞ்சு வலித்தால் யாரை எழுப்புவது, தான் நம்பி வாசித்த பக்கத்தை நாளைக்கு யாராவது முகநூலில் பகடி செய்வார்களா, மூத்த எழுத்தாளர் ஒருவர் வரம்பு மீறினால் அதைச் சொல்லும் துணிச்சல் இங்கே யாருக்காவது உண்டா. இவற்றுக்கு விடை தெரிந்த பிறகுதான் ஒருவர் நிம்மதியாகத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவார். விருந்தோம்பல் நமக்குப் புதிதல்ல என்றாலும், நல்ல மனத்தை மட்டும் நம்பி நடக்கும் விருந்தோம்பல் முதல் சிக்கலிலேயே கலைந்துவிடும். ஆகவே, எழுதி வைத்து, ஆள் நியமித்து, பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டிய வேலையாகவே அதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: யாருக்காக, எதற்காக என்று முடிவு செய்தல்

பட்டறையும் முகாமும் ஒன்றல்ல. பட்டறையில் நெறியாளர் கற்பிக்கிறார், பயிற்சி தருகிறார், படைப்புகள் விவாதிக்கப்படுகின்றன. முகாமில் எழுதுவதற்கான தனிமையும் நேரமும்தான் முதன்மையானவை. பேச்சு மாலையில் கொஞ்சம் இருந்தால் போதும். இரண்டையும் கலந்து அறிவித்துவிட்டு, நாள் முழுவதும் உரைகளால் நிரப்பினால் நாவலின் நடுவில் நிற்பவர் ஏமாந்துபோவார். எது என்று முதலில் முடிவு செய்து, அறிவிப்பில் அதையே சொல்லுங்கள்.

எண்ணிக்கையில் ஆசைப்படாதீர்கள். நூறு பேர் வந்தார்கள் என்று சொல்லிக்கொள்வது நம் இலக்கியக் கூட்டங்களின் பழைய பழக்கம். வாசிப்பு அமர்வு உள்ள முகாமுக்கு 12 முதல் 15 பேர் வரை போதும். அதற்கு மேல் போனால் ஒருவருடைய பிரதிக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்காது. யார் எந்த அறையில் இருக்கிறார், யார் இன்னும் கடற்கரையிலிருந்து திரும்பவில்லை என்பதையும் ஒருங்கிணைப்பாளரால் கவனிக்க முடியாது.

இரண்டாம் படி: தேதி குறித்தல்

இந்த மாவட்டத்தில் தேதி குறிப்பது காலண்டரைப் பார்த்து மட்டும் செய்யும் காரியம் அல்ல. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை வருமா வராதா என்பது ஒருபுறம் இருக்க, வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் பாம்பனில் கூண்டு ஏற்றப்படும், ரயில்கள் நிறுத்தப்படலாம், இராமேசுவரம் தீவுக்குள் இருப்பவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்ளக்கூடும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இன்றும் ஊர்ப் பெரியவர்கள் பேச்சில் எடுப்பார்கள். அந்த மூன்று மாதங்களைத் தவிர்ப்பதே நல்லது.

செப்டம்பரிலும் அக்டோபரிலும் வேறொரு கணக்கும் உண்டு. செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளும், அக்டோபர் 30 அன்று பசும்பொன்னில் தேவர் குருபூஜையும் நடைபெறுகின்றன. இந்த நாட்களை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவுகளும், வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகளும் நடைமுறைக்கு வருவது வழக்கம். வெளியூரிலிருந்து 15 பேரை வேனில் ஏற்றி வருபவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் தேதி குறித்தால் மானாமதுரையைத் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி சிவராத்திரி ஆகிய நாட்களில் இராமேசுவரம் நிரம்பி வழியும். அறை வாடகை ஏறும், ஆட்டோ கிடைக்காது. ரமலான் நோன்பு ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே வருவதால், அந்த ஆண்டின் நோன்புக் காலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கங்களிலிருந்து வரக்கூடிய இஸ்லாமியப் படைப்பாளிகளை அந்த மாதத்தில் அழைத்துவிட்டு, அவர்கள் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. தவக்காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பத்தினருக்கும் அதே போன்ற தயக்கம் இருக்கலாம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி எழுத்தாளர்களையும் பதிப்பாளர்களையும் இழுத்துக்கொள்ளும். மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வுகள் வந்துவிடும், தமிழில் எழுதுபவர்களில் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியாததல்ல. இவையெல்லாம் கழிந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பிப்ரவரிதான். வெயிலும் அப்போது தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

வேறு வழியின்றி ஜூலை, ஆகஸ்டில் நடத்த நேர்ந்தால் காற்றைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் அந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமான கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் கரைகளில் கடல் கொந்தளிக்கும், மணல் பறக்கும், திறந்த கொட்டகையில் தாள் நிற்காது. அதே நேரத்தில் பாக் நீரிணைப் பக்கமான தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி கரைகள் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழாகும். இந்த இரு கடல் கணக்கை எந்த மீனவரிடம் கேட்டாலும் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிடுவார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீனவர்கள் பேச நேரத்தோடு இருப்பார்கள், நுங்கும் பதநீரும் கிடைக்கும். ஆனால் வெயில் கடுமையாக இருக்கும் என்பதோடு, அது பல வீடுகளில் கைச்செலவுக்கே திண்டாடும் காலம் என்பதையும் மறக்கக்கூடாது. விருந்தும் விவாதமுமாக ஒரு கூட்டம் அந்த நேரத்தில் ஊருக்குள் வந்து இறங்குவது எனக்கு உவப்பாக இல்லை.

மூன்றாம் படி: இடத்தை நேரில் பார்த்தல்

புகைப்படத்தை நம்பி இடத்தை முடிவு செய்யாதீர்கள். ஒருங்கிணைப்பாளர்களில் இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக, ஓர் இரவு அங்கே தங்கிப் பார்க்க வேண்டும். பகலில் அழகாகத் தெரியும் கடற்கரை விடுதிக்கு இரவு 9 மணிக்குப் பிரதான சாலையிலிருந்து நடந்து போனால்தான், இருபுறமும் சீமைக்கருவேல் அடர்ந்த ஒரு கிலோமீட்டர் மண்பாதையில் ஒரு விளக்கும் இல்லை என்பது தெரியவரும்.

முதலில் தண்ணீர். தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த மாவட்டம் இது. கடற்கரையில் ஆழ்குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவே இருக்கும். சோப்பைக் கையில் வாங்கிக் குழாயடியில் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் பிசுபிசுவென்று திரிந்தால் அந்தத் தண்ணீரில் நான்கு நாள் குளிப்பவர்களுக்குத் தலைமுடியும் தோலும் என்ன ஆகும் என்பது புரிந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், குளிக்கவும் புழங்கவும் லாரித் தண்ணீர் என்று இரண்டையும் தனித்தனியே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். ஒருவருக்கு நாளொன்றுக்குப் புழங்க 100 லிட்டர் என்று வைத்து, தொட்டியின் கொள்ளளவைக் கேட்டு, லாரி எந்த நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வரும்போதே பங்கேற்பாளர்களுக்குத் தண்ணீரின் தன்மையைச் சொல்லிவிடுவதும் மரியாதை.

அடுத்தது கழிப்பறை. பெண்களுக்குத் தனியாக, தங்கும் அறையை ஒட்டி, உள்ளே தாழ்ப்பாளும் விளக்கும் உள்ளதாக இருக்க வேண்டும். தாழ்ப்பாளைப் போட்டுப் பாருங்கள். கடற்காற்றில் துருப்பிடித்த தாழ்ப்பாள்கள் பல இடங்களில் பார்வைக்கு இருக்கும், கொக்கியில் போய் மாட்டாது. 80 ரூபாய்ச் சாமானை மாற்றச் சொல்லி விடுதிக்காரரிடம் கூச்சப்பட வேண்டாம். உள்ளே கொக்கியும், நாப்கின் போட மூடியுள்ள கூடையும், அதை நாள்தோறும் அகற்ற ஓர் ஆளும் ஏற்பாடாகட்டும். ஒரு கழிப்பறையாவது மேற்கத்திய வகையில் கைப்பிடியோடு இருந்தால்தான் முழங்கால் வலிக்காரர்களும் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர்களும் வர முடியும். அறையிலிருந்து அமர்வு நடக்கும் இடத்துக்கு மணலைக் கடக்க வேண்டியிருந்தால் பலகையோ சிமெண்ட் நடைபாதையோ உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால், இல்லை என்று அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள். உடல் வசதிக் குறைவு உள்ளவர் தானே தீர்மானித்துக்கொள்ளத் தகவல்தான் வேண்டும், சமாதானம் அல்ல.

தரையில் பாய் விரித்துப் படுப்பது முகாமுக்கு ஒரு எளிமையைத் தரும் என்று நினைப்பவர்கள் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு, தரையில் தூங்குபவர்களைத்தான் பெரும்பாலும் கடிக்கிறது. கட்டிலும் கொசுவலையும் கேளுங்கள். ஆளுக்கொரு டார்ச்சைப் பொருட்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்; கருவேல் முள்ளுக்குத் தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பும் வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டர் எத்தனை மின்விசிறிகளைத் தாங்கும், எந்தெந்த நிறுவனத்தின் சிக்னல் அங்கே கிடைக்கிறது, அருகில் 24 மணி நேரமும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக இரவில் எவ்வளவு நேரம் ஆகும் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இராமநாதபுரத்தில் இருக்கிறது. இராமேசுவரத்திலிருந்து அது ஏறக்குறைய 55 கிலோமீட்டர். தீவுக்குள் முகாம் என்றால் ஒரு காரும் ஓட்டுநரும் இரவும் பகலும் வளாகத்திலேயே இருக்க வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கில் முதல் வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பணம்

கட்டணம் வைக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் மொத்த இடங்களில் மூன்றில் ஒன்றையாவது கட்டணமின்றியும், அவற்றில் சிலவற்றைப் பயணச்செலவோடும் ஒதுக்காவிட்டால், வருபவர்கள் எல்லாரும் ஒரே வர்க்கத்தவராகத்தான் இருப்பார்கள். கட்டணச் சலுகை பெற்றவர் யார் என்பது பொருளாளர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். கைக்குழந்தையுள்ள பெண்கள் வர முடியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் ஓர் அறையும், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கான சாப்பாடும்தான். அந்தச் செலவை நிகழ்ச்சிச் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

உமறுப் புலவரை ஆதரித்த சீதக்காதியின் ஊரான கீழக்கரையும், புலவர்களுக்கு வாரிக் கொடுத்த சேதுபதிகளின் தலைநகரும் இருக்கும் மாவட்டத்தில் புரவலர் கிடைப்பது அரிதல்ல. வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: புரவலருக்கு நன்றி அச்சில் வரும், பங்கேற்பாளர் தேர்விலும் மேடையிலும் அவருக்கு இடமில்லை. பொன்னாடை, குத்துவிளக்கு, வாழ்த்துரைகள் என்று தொடங்கினால் முதல் நாள் முற்பகல் அதிலேயே போய்விடும்.

ஐந்தாம் படி: அறிவிப்பும் தேர்வும்

அறிவிப்பில் இடம், தேதி, கட்டணம், நெறியாளர், அறையைப் பகிர வேண்டுமா என்பது, உணவு, தண்ணீரின் தன்மை, நடத்தை விதிகள், புகார் அளிக்கும் வழி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். விண்ணப்பத்தில் சாதி, மதம், திருமண நிலை கேட்காதீர்கள். மருந்து, ஒவ்வாமை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், அறையை யாருடன் பகிர விருப்பம் என்பவற்றைக் கேளுங்கள். திருநங்கைகளும் திருநம்பிகளும் தாங்கள் விரும்பும் அறையைத் தாங்களே சொல்லும்படி அந்தக் கேள்வி அமையட்டும். பிறகு அடையாள அட்டையைக் காட்டச் சொல்லி வரவேற்பு மேசையில் தகராறு நடக்காதபடி விடுதியாரிடம் முன்பே பேசிவிடுங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள தமிழர் யாராவது வந்தால், 24 மணி நேரத்துக்குள் விடுதி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய படிவம் ஒன்று உண்டு. அதைச் செய்யத் தெரிந்த விடுதியா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்ப்பதாக இருந்தால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், உடன் தங்கும் பாதுகாவலர், பெரியவர்களிலிருந்து பிரிந்த தங்குமிடம் ஆகிய மூன்றும் வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். அமைப்புக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள அதில் இடமில்லை. இந்தப் பொறுப்பை ஏற்க முடியாதவர்கள் 18 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று அறிவித்துவிடலாம்.

ஆறாம் படி: நடத்தை விதிகளும் புகார் வழியும்

அனைவரும் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதால் பயனில்லை. எது கூடாது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். தொடுதல், உடலைப் பற்றிய பேச்சு, இரவில் அறைக்கதவைத் தட்டுதல், மறுத்த பின்னும் செய்தி அனுப்புதல், படைப்பைத் திருத்தித் தருகிறேன் என்று தனியே அழைத்தல், பிரசுர வாய்ப்பைக் காட்டி நெருங்குதல் ஆகியவை அந்தப் பட்டியலில் இருக்கட்டும். கடைசி இரண்டும் இலக்கிய உலகத்துக்கே உரியவை. அவற்றை எழுதாமல் விட்டால் விதிகளை எழுதியதன் பயனில் பாதி போய்விடும்.

சாதி பற்றியும் வெளிப்படையாக எழுத வேண்டும். நேரடியாக யாரும் கேட்கமாட்டார்கள். சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்தார், குலதெய்வம் எது என்று சுற்றி வந்துதான் கேட்பார்கள்; கேட்கப்படுபவருக்கு அது எங்கே போய் முடியும் என்பது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். இந்த வகை விசாரணை முகாமில் இல்லை என்று முதல் நாள் காலையிலேயே, சிரித்த முகத்தோடு ஆனால் ஐயத்துக்கு இடமின்றி, ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிட வேண்டும்.

மது பற்றி எல்லாரும் மழுப்புவார்கள். மாலையானால் ஆண்கள் ஓர் அறையில் கூடுவதும், உண்மையான இலக்கியப் பேச்சு அங்கேதான் நடக்கிறது என்று ஒரு பெருமை பேசப்படுவதும், பெண்களும் குடிக்காதவர்களும் அந்தப் பேச்சிலிருந்து தாமாகவே விலக்கப்படுவதும் நம் முகாம்களில் காலகாலமாக நடப்பவை. முகாம் நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் மது இல்லை என்ற விதி ஒழுக்கப் பிரச்சாரமாகத் தோன்றலாம். என் கணிப்பில், மற்ற விதிகளில் பாதியை மீறப்படாமல் காப்பது இந்த ஒரு விதிதான்.

புகாரைப் பெற இருவர் வேண்டும். ஒருவர் பெண்ணாகவும், இன்னொருவர் அமைப்போடு தொடர்பில்லாத வெளியாளாகவும் இருப்பது நல்லது. நெறியாளர் மீதே புகார் வந்தால் அவருடைய நண்பரிடம் போய்ச் சொல்ல வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது. இருவரின் எண்களும் ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறத்திலும் ஒட்டப்பட்டிருக்கட்டும். புகார் வந்தால் முதலில் சொல்பவரை முழுவதும் சொல்லவிட வேண்டும். அவர் என்ன உடுத்தியிருந்தார், ஏன் அங்கே போனார் என்ற கேள்விகள் கூடாது. அவர் விரும்புவது என்ன என்று கேட்டு, சொன்னதைத் தேதி நேரத்தோடு எழுதி, அவரிடமே வாசித்துக்காட்டுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அன்றைக்கே வேறு தங்குமிடத்துக்கு மாற்றுங்கள். இடம்பெயர வேண்டியவர் அவர்தான், புகார் சொன்னவர் அல்ல. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் பேசும் பஞ்சாயத்துப் பழக்கத்தை இதில் நுழைய விடாதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பொறுப்பாளர்கள் தெரிந்திருக்க வேண்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். சிறு நிறுவனங்களுக்கும், முதலாளி மீதே வரும் புகார்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. புகாரைப் பொதுவாக 3 மாதங்களுக்குள் அளிக்க வேண்டும். காவல்துறைக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கே. போவதென்றால் கூடவே போகும் கடமை அமைப்பாளருக்கு. 112, பெண்களுக்கான 181, சிறாருக்கான 1098, ஆம்புலன்சுக்கான 108, மனநல உதவிக்கான 14416 ஆகிய எண்கள் அதே கதவுத் தாளில் இருக்கட்டும்.

ஏழாம் படி: நாளின் ஒழுங்கு

கடற்கரையில் காலை 6 முதல் 10 வரையே எழுத ஏற்ற நேரம். அந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சியும் வைக்காதீர்கள்; தேநீரும் சுண்டலும் ஒரு மேசையில் இருந்தால் போதும், எழுதுபவர் எழுந்து வந்து எடுத்துக்கொள்வார். நண்பகலில் வெயில் ஏறிய பின் நிழலில் பயிற்சி அமர்வு, சாப்பாட்டுக்குப் பின் ஓய்வு, மாலை 4 மணிக்கு வாசிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். எந்த அமர்வுக்கும் வராமல் இருக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்பதைச் சொல்லிவிடுங்கள். வராதவரைத் தேடிப்போய்க் கூட்டிவருவது அன்பென்று தோன்றும், எழுதிக்கொண்டிருப்பவருக்கு அது தொல்லை. ஆனால் சாப்பாட்டு வேளையில் தலை எண்ணுவது கட்டாயம்.

எட்டாம் படி: வாசிப்பு அமர்வு

முகாமில் மனம் உடைவதும் நிமிர்வதும் இங்கேதான். பிரதிகளை முந்தின நாளே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். ஒரு பிரதி 1500 சொற்களைத் தாண்ட வேண்டாம். வாசிக்கும் முன், தனக்கு எதில் கருத்து வேண்டும் என்பதை எழுதியவர் சொல்லட்டும். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தாம் பிரதியில் கண்டதை மட்டும் சொல்கிறார்கள்: எந்த இடம் கண்முன் நின்றது, எங்கே வழி தவறியது. இரண்டாம் சுற்றில் கேள்விகள். மூன்றாம் சுற்றில், எழுதியவர் விரும்பினால் மட்டும், யோசனைகள். நெறியாளர் கடைசியில் பேசுகிறார். அவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்வார்கள்.

மூன்று பழக்கங்களை நெறியாளர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். முதலாவது, ‘இது உங்க சொந்தக் கதையா?’ என்ற கேள்வி. குறிப்பாக ஒரு பெண் உடலைப் பற்றியோ, தலித் எழுத்தாளர் ஒருவர் அவமானத்தைப் பற்றியோ எழுதும்போது இந்தக் கேள்வி உடனே வந்து விழும். பிரதி அதோடு மறைந்து, எழுதியவர் சாட்சிக்கூண்டில் நிற்பார். இரண்டாவது, புகழ்பெற்ற ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் இதை எப்போதோ எழுதிவிட்டார் என்று முடித்துவிடுவது. மூன்றாவது, பேச்சு வழக்கைத் திருத்துவது. கடலோரத்துப் பேச்சும், கீழக்கரை வீடுகளின் பேச்சும், முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பேச்சும் ஒன்றல்ல. புரியவில்லை என்றால் கேட்கலாம், பிழை என்று சிவப்பு மையால் சுழிக்கக்கூடாது.

வன்முறை, தற்கொலை, பாலியல் கொடுமை போன்றவை பிரதியில் இருந்தால் வாசிக்கும் முன் ஒரு வரியில் சொல்லிவிடுவது நன்று. விரும்பாதவர் எழுந்து போகலாம், காரணம் கேட்கப்படாது. ஒருவர் வாசிக்கும்போதே அழுதுவிட்டால் அமர்வை நிறுத்தி, வேண்டுமானால் தொடரலாம், வேண்டாமென்றால் நிறுத்தலாம் என்ற தேர்வை அவருக்கே கொடுங்கள். சுற்றி நின்று தேற்றுவது சில நேரம் இன்னும் வாட்டும். முகாம் சிகிச்சை இடமல்ல என்பதை நெறியாளர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒலிப்பதிவும் புகைப்படமும் அமர்வில் இல்லை. வாசித்த பிரதி எழுதியவருடையது. அதிலிருந்து ஒரு வரியையும் அவர் அனுமதியின்றி வெளியே எடுத்துப் போடக்கூடாது என்பதில் அனைவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: ஊரும் கடலும்

மீனவக் கிராமத்தை ஒட்டி முகாம் நடத்துவதாக இருந்தால் ஊர்த் தலைவரையும், தேவாலயமோ பள்ளிவாசலோ கோயிலோ எது அந்த ஊரின் மையமோ அதன் நிர்வாகத்தினரையும் முன்பே சந்தித்து, யார் வருகிறார்கள், எத்தனை நாள் என்று சொல்லுங்கள். காவல் நிலையத்துக்கும் பெயர்ப் பட்டியலோடு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இலங்கைக்கு எதிர்க்கரை என்பதால் இரவில் கரையோரம் நடமாடும் அந்நியர்கள் விசாரிக்கப்படுவது இங்கே இயல்பு. உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது; டிரோன் எடுத்துவர வேண்டாம் என்று பொருட்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள்.

எழுத்தாளர்கள் ஊருக்குள் போய்க் கதை கேட்க ஆசைப்படுவார்கள். கடல்பாசி எடுத்துவிட்டு ஈரத்தோடு கரையேறும் பெண்களை நோக்கிக் கேமராவை நீட்டுவது கதை கேட்பதல்ல. மண்டபம் மறுவாழ்வு முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களை வேடிக்கை பார்க்கப் போவதும், கடலில் ஆளை இழந்த வீட்டில் முதல் சந்திப்பிலேயே அந்தச் சாவைக் கேட்பதும் அப்படித்தான். மாறாக, மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவையோ, வலை பின்னத் தெரிந்த ஒரு பெரியவரையோ முகாமுக்கு அழைத்து, சென்னையிலிருந்து வரும் பேச்சாளருக்குத் தரும் அதே மதிப்பூதியத்தைக் கொடுத்து, அவர் சொல்ல விரும்புவதைக் கேளுங்கள். எதை எழுதலாம், எதில் பெயரை மாற்ற வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும்.

கடலில் இறங்குவதற்குத் தனி விதி வேண்டும். தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும். அங்கே இறங்கவே கூடாது. குளிக்க விரும்புபவர்களை அரியமான் போன்ற ஆழம் குறைந்த இடத்துக்கு, உள்ளூர் நீச்சல்காரர் ஒருவரோடு, பகல் வெளிச்சத்தில் அழைத்துச் செல்லுங்கள். காலை இழுத்து இழுத்து நடக்கச் சொல்லுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அசைவில் விலகிப்போகும். முள் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருந்தபடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சொறி எனப்படும் இழுதுமீன் பட்டால் கடல்நீரால் கழுவலாம். நல்ல தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கூடக்கூடும். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவுக்கு உட்பட்ட 21 தீவுகளில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைப்பது குற்றம். படகுக்காரர் ஒருவருக்குப் பணம் கொடுத்துப் போய்வரலாம் என்று யாராவது சொன்னால், பிடிபடும்போது படகை இழப்பவர் அவர்தான் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். படகுப் பயணம் வேண்டுமென்றால் வனத்துறை ஏற்பாட்டில் காரங்காடு அலையாத்திக் காட்டுக்குப் போகலாம். வெயில் அதிகமான நாளில் இராமநாதபுரம் அரண்மனையிலுள்ள இராமலிங்க விலாசத்தின் சுவரோவியங்களைப் பார்த்துவருவதும் நல்ல மாற்றம்.

உணவில் சைவம், அசைவம் இரண்டும் தனித்தனிப் பாத்திரங்களில் இருக்கட்டும். இறைச்சி ஹலாலாக இருந்தால் எல்லாரும் சாப்பிடலாம். ஒவ்வாமை உள்ளவர்களுக்காக இறால், நண்டு சேர்ந்த குழம்புக்குப் பெயர்ச்சீட்டு வையுங்கள். இந்த ஊர் முண்டு மிளகாயின் காரம் பழகாதவர்களுக்குத் தயிர் கூடுதலாக வேண்டும்.

பத்தாம் படி: முடிந்த பிறகு

கடைசி நாள் மாலையில் பெயரில்லாக் கருத்துத் தாள் ஒன்றைக் கொடுங்கள். ‘எந்த நேரத்தில் சங்கடமாக உணர்ந்தீர்கள்?’ என்ற ஒரு கேள்வி அதில் இருந்தால் மற்றவை எப்படி இருந்தாலும் பரவாயில்லை. குழுப் புகைப்படத்தை வெளியிடும் முன், படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள்; முகாமுக்கு வந்ததை வீட்டில் சொல்லாமல் வந்தவர்கள் இருக்கக்கூடும். சமையல்காரர், துப்புரவாளர், ஓட்டுநர் ஆகியோரின் கூலியை அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். பெண்கள் தனியாகத் திரும்புவதாக இருந்தால் ரயில் ஏறும் வரை யாராவது உடன் இருந்து, வீடு சேர்ந்த செய்தி வந்த பிறகே அவர் பெயரைப் பட்டியலில் அடித்துவிடுங்கள். விண்ணப்பத்தில் வாங்கிய மருத்துவத் தகவல்களை அழித்துவிட்டு, வரவு செலவுக் கணக்கை ஒரு மாதத்துக்குள் பங்கேற்பாளர்கள் அனைவருக்கும் அனுப்புங்கள். புகார் வாங்கும் இருவரின் எண்கள் மட்டும் இன்னும் மூன்று மாதங்களுக்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். பலர் ஊருக்குத் திரும்பி, சில வாரங்கள் யோசித்த பிறகுதான் பேசுகிறார்கள்.